எண்ணப்பட்ட சீமையின் நீர்க்குறி

சென்னையிலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் பலர் கருங்குழியைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருப்பார்கள். படாளம் சர்க்கரை ஆலையும் வேடந்தாங்கல் பிரியும் கைகாட்டியும் கடந்தால் கருங்குழி. அது முடிவதற்குள் மதுராந்தகம் ஏரிக்கரை வந்துவிடும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இப்படி யாரும் இந்த ஊரைக் கடந்துபோக முடிந்ததில்லை. கர்நாடகப் போர்க் காலத்தில் கருங்குழிக் கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தார்கள். ஹைதர் அலியின் படையும் இந்தப் பக்கம் வந்து போனது. சண்டைகள் ஓய்ந்த பிறகு சில காலம் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் இங்கேதான் இருந்து நிர்வாகம் செய்தார்.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சொத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகப் போய் அளந்தார். ஏறத்தாழ 2,000 கிராமங்களில் வீடு, ஏரி, தோப்பு, நன்செய், புன்செய், என்ன தொழில் செய்கிற குடி எத்தனை என எல்லாம் கணக்கில் ஏறின. காந்தியவாதி தரம்பால் பிற்காலத்தில் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்துப் பேசியதால்தான் இன்றைக்கு அவற்றைப் பற்றி நமக்குத் தெரிகிறது. எந்த ஊரில் எத்தனை வைத்தியர்களுக்கு மானியம் இருந்தது என்பதுவரை அதில் உண்டு.

செங்கல்பட்டுக்காரர்களை எண்ணும் வழக்கம் அத்தோடு நிற்கவில்லை. 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உலகத்தில் அதுவரை நடந்த பி.சி.ஜி. சோதனைகளில் இதுதான் பெரியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது ஜெனீவாவின் உலகச் சுகாதார நிறுவனம் வரை அதிர்ச்சி. இன்றும் தொற்றுநோயியல் படிக்கிற மாணவருக்கு, அவர் பிரேசிலில் இருந்தாலும் ‘சிங்கிள்புட்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகலாம்.

மூன்றாவது எண்ணிக்கைதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. அது கருங்குழிக்குத் தெற்கே, செய்யூர் வட்டாரத்துச் சூனாம்பேட்டில் நடந்தது.

2006-இல் டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியோடும், சி. சுப்பிரமணியம் தொடங்கிய தேசிய வேளாண் அறக்கட்டளையின் துணையோடும், சூனாம்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 42 கிராமங்களை எடுத்துக்கொண்டது. தலையில் செயற்கைக்கோள் தட்டு வைத்த ஒரு வேன் ஊருக்குள் வந்து ஆலமரத்தடியிலோ பள்ளிக்கூட வாசலிலோ நிற்கும். இணைப்பைத் தந்தது இஸ்ரோ. வேனுக்குள் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, காலுக்கு ரத்தம் போவதைக் கேட்கும் டாப்ளர், பாத நரம்பின் உணர்ச்சியை அதிர்வால் அளக்கும் கருவி, ஈ.சி.ஜி. நோயாளி வேனில் உட்கார்ந்திருப்பார். அவருடைய விழித்திரைப் படம் சென்னையில் ஒரு கண் மருத்துவரின் திரையில் தெரியும்.

அந்த ஊர்களில் இருபது வயதைத் தாண்டியவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைச் சோதித்தார்கள். நாற்று நடவும் அறுப்பும் நடக்கிற ஊரில் நூற்றுக்கு 87 பேரை விரல் நுனியைக் குத்திக்கொள்ளச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமில்லை. 1,138 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை வருவதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் அதைப் போல மூன்று மடங்கு, 3,410 பேர். சூனாம்பேட்டிலேயே ஒரு சிகிச்சை மையம் திறந்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஓராண்டில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இதற்கு முன்பே கிராமத்துச் சர்க்கரையை அளந்தவர் டாக்டர் அ. ராமச்சந்திரன். 1989-இல் சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் அவர் கண்டது 2.4 சதவீதம். 2003-இல் திரும்பப் போனபோது அது ஆறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவருடைய 2006 கணக்கில் சென்னையில் 18.6 சதவீதம், காஞ்சிபுரம் நகரத்தில் 16.4, அதையொட்டிய கிராமங்களில் 9.2. படாளம் ஆலையின் மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் கரும்பு இங்கே விளைந்தது ஏற்றம் இறைத்த காலத்திலும்தான். மாறியது வேலை. ஏற்றம் போய் மோட்டார் வந்தது, கைக்குத்தல் போய் தீட்டிய அரிசி வந்தது, நடை போய் டிவிஎஸ் வண்டி வந்தது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் முளைத்த பிறகு ஷிப்டு வேலையும் சேர்ந்தது.

தமிழகத்தில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவை 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். 1954-இல் அவரே ராயபுரத்தில் இதற்கென மருத்துவமனை கட்டினார். அன்றைய நோயாளிகளில் பெரும்பாலோர் வசதியானவர்கள். அது பணக்கார வியாதி என்ற பேச்சு ஊரில் ரொம்ப நாள் இருந்தது. மதுராந்தகம் வட்டாரத்து நடவுப் பெண்ணுக்கு வரும் வியாதி என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எண்ணுவது ஒரு பாதி. யாருக்கு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வது மறு பாதி. சர்க்கரைக்காரருக்கு அந்த முன்னறிவிப்பு கிடைத்த இடம் இதயம் அல்ல, மூளை அல்ல, சிறுநீர்.

சித்த மருத்துவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்களின் முறை இது: விடியலில் பிடித்த சிறுநீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, காற்றுப் படாத வெயிலில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அசையாமல் பார்த்திருப்பார்கள். சொட்டு பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம். சொட்டு அமிழ்ந்துபோனால் கெட்ட குறி; வைத்தியர் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நெய்க்குறியை இன்றைய ஆய்வுக்கூடப் பரிசோதனையோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் அதில் கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி. என்ன நோய் என்பதோடு, இவர் பிழைப்பாரா என்பதையும் அந்தப் பாத்திரத்திடம்தான் கேட்டார்கள்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். 1827-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் சோதனை எளிது: ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டு, முட்டை வெள்ளைக்கரு போல் திரைந்தால் புரதம் ஒழுகுகிறது. நோயாளி இறந்த பின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. பல உடல்களில் இதயமும் வீங்கித் தடித்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் பெருக்க வேண்டும் என்ற கேள்வியை அவர் 1836-லேயே எழுப்பிவிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1936-இல், பாஸ்டனில் கிம்மல்ஸ்டீலும் வில்சனும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டிகளில் முடிச்சு முடிச்சாகப் படிந்திருந்ததைக் கண்டு எழுதினார்கள்.

பிரைட்டின் கரண்டியில் திரைய வேண்டுமானால் புரதம் நிறையவே ஒழுக வேண்டும். 1960-களில் அதே கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீன் குழுவினர் கண்ணுக்கும் நெருப்புக்கும் அகப்படாத அளவு ஆல்புமின் என்ற புரதத்தையும் கதிரியக்க முறையில் அளக்கக் கற்றுக்கொண்டார்கள். 1984-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து கார்ல் எரிக் மோகென்சன் ஒரு காரியம் செய்தார். 1973-இல் சிறுநீர் சோதித்திருந்த நடுவயதுக்குப் பின் சர்க்கரை கண்ட நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். அன்று துளி ஆல்புமின் ஒழுகியிருந்தவர்களில் பலர் இல்லை. சிறுநீரகம் பழுதாகி இறந்தவர்கள் கொஞ்சம்; மாரடைப்பும் இதய நோயும்தான் பெரும்பாலோரைக் கொண்டுபோயிருந்தன.

இதன் காரணத்தை 1989-இல் டென்மார்க்கின் ஸ்டெனோ மருத்துவமனைக்காரர்கள் இப்படி விளக்கினார்கள். சிறுநீரக வடிகட்டி என்பது நுண்ணிய ரத்தக்குழாய்களின் உருண்டை. அங்கே உள்சுவர் தளர்ந்து ஆல்புமின் வெளியேறுகிறது என்றால், இதயத்திலும் மூளையிலும் கண்ணிலும் உள்ள குழாய்களின் உள்சுவரும் அதே கதிதான். சிறுநீரில் மட்டும் அது வெளியே வந்து தெரிகிறது. சிறுநீரகம் மேலும் தளரத் தளர, புதுத் தொல்லைகள் சேர்கின்றன: ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் குறையும், பாஸ்பரஸ் தங்கிக் குழாய்ச் சுவர்கள் சுண்ணாம்பு ஏறி இறுகும், இதயத்தின் இடது அறை தடிக்கும். ஊரில் ‘உடம்பில் உப்பு ஏறிடுச்சு’ என்று சொல்வது யூரியாவையும் கிரியாட்டினினையும். அந்த நிலைக்கு வந்தவருக்கு டயாலிசிஸ் பயம்தான் முன்னால் நிற்கும். மாரடைப்பும் பக்கவாதமும் அதற்கு முன்பே வரக்கூடும் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

எவ்வளவு முன்பே என்று பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது. 1977-இல் தொடங்கிய அந்த ஆய்வில் புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர். அவர்களில் பத்துக்கு ஒருவர் இந்திய வம்சாவளி. 2003-இல் வெளியான கணக்கு இது: சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.4 பேர் இறந்தார்கள். துளி ஆல்புமின் ஒழுகியவர்களில் 3.0. நிறைய ஒழுகியவர்களில் 4.6. சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியவர்களில் 19.2. நிறைய ஒழுகிய நிலையிலிருந்து சிறுநீரகச் செயலிழப்புக்குப் போனவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.3 பேர்தான். அதாவது டயாலிசிஸ் வாசலை எட்டியவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள், பெரும்பாலும் இதயத்தால்.

இவ்வளவு தெரிந்தும், மாரடைப்பை முன்கூட்டிச் சொல்லும் கணக்குகளில் சிறுநீருக்கு ரொம்ப நாள் இடம் கிடைக்கவில்லை. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த மதிப்பெண் முறை வயது, புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கேட்கும், சிறுநீரகத்தைக் கேட்காது. அதைச் சிறுநீரக நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தபோது கணக்கு சரியாக வரவில்லை என்று 2007-இல் எழுதினார்கள். யு.கே.பி.டி.எஸ். ஆய்விலிருந்தே 2001-இல் சர்க்கரைக்காரர்களுக்கென்று ஒரு கணிப்புக் கருவி பிறந்தது. எச்.பி.ஏ.1.சி. உண்டு, எத்தனை ஆண்டாகச் சர்க்கரை என்பது உண்டு. அதிலும் சிறுநீரகம் இல்லை.

சிறுநீரகம் கணக்குக்குள் நுழைந்தது ஒரு பெரிய கூட்டு முயற்சிக்குப் பிறகு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்த ஒரு கூட்டமைப்பு 2010-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை வைத்து, ஆல்புமின் கூடக்கூட, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறையக் குறைய, இதயச் சாவு கூடுவதைக் காட்டியது. 2015-இல் அதே கூட்டமைப்பு, பழைய மதிப்பெண்களோடு ஆல்புமினைச் சேர்த்தால் கணிப்பு கூர்மையாகிறது என்றது. 2023-இல் வந்த அமெரிக்காவின் பிரிவென்ட், ஐரோப்பாவின் ஸ்கோர்-2 நீரிழிவு ஆகிய இரண்டு கணிப்புக் கருவிகளும் வடிகட்டும் வேகத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பிரிவென்டில் ஆல்புமினையும் எச்.பி.ஏ.1.சி.யையும் விரும்பினால் சேர்க்கலாம். பிரிவென்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கென்று வரைந்த வண்ண அட்டவணையில் சர்க்கரைக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. சிறுநீருக்குக் கட்டம் இல்லை.

கருங்குழிக்காரர் ஒருவரின் ஆபத்தை மருத்துவர் தன் செல்போனில் கணக்கிடும்போது அந்த எண் யாரைப் பார்த்து வந்தது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிடச் சில ஆண்டுகள் முந்தியே, ஐம்பதுகளின் தொடக்கத்தில், வருகிறது என்று 2004-இல் இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. சென்னை, டெல்லி, கராச்சி நகரங்களில் 2010-இல் தொடங்கிய காரஸ் ஆய்வு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்கிறது. நம் மண்ணின் எண்களைத் தரக்கூடிய ஆய்வு அது. ஆனால் மூன்றும் மாநகரங்கள். பார்னார்டு காலத்திலிருந்து எண்ணப்பட்ட இந்தச் சீமையின் நடவுக்காரரும் ஷிப்டுக்காரரும் அதில் இல்லை.

கணிப்பு முந்தி வந்தால்தான் பயன் என்பதற்கு 2005-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு சான்று வந்தது. டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் சாவும் சேர்ந்த கணக்கில் குறிப்பிடும்படி எதுவும் இறங்கவில்லை. சுண்ணாம்பு ஏறி இறுகிய குழாய்க்குக் கொழுப்பு மாத்திரை காலம் கடந்த வைத்தியம். அதே மாத்திரை முந்தைய கட்டத்தில் உயிர் காக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான ‘பிரில்’, ‘சார்டன்’ வகை மருந்துகளும், 2019-க்குப் பிறகு சர்க்கரையைச் சிறுநீர் வழி வெளியேற்றும் ‘ஃபுளோசின்’ வகை மாத்திரைகளும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்தே காப்பது நிரூபணமாகியிருக்கிறது.

முந்திக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை என்று சென்னையில் ஒருவர் செய்தே காட்டினார். அப்பல்லோ மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமாகச் சென்னைக்கு வெளியே 25,000 பேர் வாழும் கிராமங்களை எடுத்துக்கொண்டார். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போவார்கள். ஒரு குழாயில் சிறுநீர், அதில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம், கலங்கினால் புரதம். இன்னொன்றில் நீல நிறப் பெனடிக்ட் கரைசல். சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும், எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு சர்க்கரை. கூடவே ரத்த அழுத்தம். மருந்தும் அப்படியே மலிவானதாகப் பார்த்து எடுத்தார்: அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்த பழைய ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, சர்க்கரைக்கு கிளைபென்கிளமைடும் மெட்ஃபார்மினும். பெரிய மருத்துவமனைகளில் ரெசர்பின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். மணிக்கு அந்தச் சிரிப்பைப் பற்றிக் கவலையில்லை. ஆண்டுக்குத் தலைக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட், அன்றைய மதிப்பில் பத்துப் பன்னிரண்டு ரூபாய். டயாலிசிஸ் கட்டில்களைப் பெருக்குவதால் இந்தியா இந்த நோயிலிருந்து தப்பாது என்று அவர் விடாமல் எழுதிவந்தார்.

அரசு பிறகு வந்து சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச்சேர நேரம் ஆகும் கடலோரக் கிராமத்துக்காரருக்கு இது சாதாரண விஷயமல்ல. அதே ஆண்டு ஜூலையில் சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் பட்டைச் சோதனை வந்தது.

குறை அந்தப் பட்டையில் இருக்கிறது. சிறுநீரில் தோய்த்து எடுத்தால் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் அந்தக் கட்டம், புரதம் ஓரளவு நிறைய ஒழுகினால்தான் நிறம் காட்டும்.  மோகென்சன் பார்த்த துளி ஆல்புமினைப் பார்க்கும் கூர்மை பட்டைக்கு இல்லை. அதற்கு ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற சோதனை வேண்டும். காலையில் பிடித்த ஒரே ஒரு மாதிரி போதும். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, அதற்கு மேல் ஆபத்து. சர்க்கரைக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட விதி. தனியார் ஆய்வுக்கூடத்தில் சில நூறு ரூபாய் ஆகும். பலருக்கு வருஷா வருஷம் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், சாப்பிட்ட பின் சர்க்கரையும், கேட்டால் கொழுப்பும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. மருத்துவரும் எழுதுவதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. பட்டையில் நிறம் மாறவில்லை என்று திரும்பிப் போகிறவரிடம் 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட கட்டம் இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். மாத்திரைகள் நன்றாக வேலை செய்கிற கட்டமும் அதுதான்.